ஏழாவது துணுக்கு

முந்தின இரவிலிருந்தே தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு மருத்துவமனைப் பதிவு மேசை முன்னால் நின்றபோது டீச்சருக்கு நோயின் மேல் கோபமில்லை. எதிர் நாற்காலியில் ஒருவர் ஆவி பறக்கக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் மேல்தான் கோபம்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர். அவர் அதட்டினால் அடுத்த தெருவில் போகிற வண்டியும் நின்றுவிடும். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் ஹாரன் டீச்சர். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவரோ அதையே பயிற்சிப் பள்ளியின் பலகையில் எழுதிவிடலாமா என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆறு வாரத்துக்கு முன் அவருடைய கண்கள் மஞ்சளித்தன. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு மட்டும். ஸ்கேனில் பார்த்தபோது, கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் ஓரிடத்தில் நூல் மாதிரிச் சுருங்கியிருந்தது. ஏன் சுருங்கியது என்று தெரியவில்லை. கல்லும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற கட்டியும் இல்லை. வாய் வழியாக எண்டோஸ்கோப்பி குழாயை இறக்கி, சுருங்கிய இடத்தைச் சின்னப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துப் பரிசோதித்தார்கள். சந்தேகம் உண்டு, உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடிவு வந்தது. அடைப்பைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்ததில் மஞ்சள் வடிந்தது. சந்தேகம் வடியவில்லை.

அறுவை மருத்துவர் சந்தேகமே போதும் என்றார். புற்றுநோயாக இருந்தால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அதற்குத்தான் லாபம்; பித்தக் குழாயையும் கல்லீரலில் பாதியையும் எடுத்துவிடலாம் என்று நாளும் குறித்தார். டீச்சரின் ஒரே மகன் உடனே தலையாட்டினான். மருமகள் ஆட்டவில்லை.

மருமகளுக்கு வீட்டில் சில்லு என்று பெயர். வைத்தவர் மாமியார்தான். இதே மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. உடம்பிலிருந்து எடுத்த துணுக்குகளை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஏற்றிச் சாயம் பூசிக் கொடுப்பாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். பிரஷ்ஷில் ஒட்டிய நாலு செல்லை நம்பிக் கல்லீரலில் பாதியை அறுக்கக் கூடாது, குழாய்க்குள்ளேயே ஒரு கேமராவை அனுப்பி நேரில் பார்க்க வழியிருக்கிறது என்று அவள் சொன்னாள். மகனுக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்து, “நீ சில்லு சீவுறவ. டாக்டர் இல்ல,” என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பத்து நாள் ஆகிறது. போன வாரம் டீச்சரே கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எண்டோஸ்கோப்பி டாக்டரைப் போய்ப் பார்த்து, அறுவைக்கு முன்னால் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். மகனிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “வயிறு என்னுது.”

அந்த எட்டிப் பார்க்கும் நாள்தான் இன்று.

சில்லுவுக்கு இன்று விடுப்பு. ஆனால் எட்டு மணிக்குப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை டாக்டர் அவளைத் தேடிக்கொண்டு காத்திருப்பு அறைக்கே வந்துவிட்டார். எந்நேரமும் நுண்ணோக்கியில் குனிந்திருப்பதால் அவருக்கு லென்ஸ் என்று பெயர். இப்படிப்பட்ட பரிசோதனையில் துணுக்கு வெளியே வந்ததும் அங்கேயே சில்லில் ஒற்றி, சாயம் போட்டு, போதுமான அளவு வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். அந்த ஒற்றும் வேலைக்குப் பழகியவர்கள் கூடத்தில் இரண்டே பேர். ஒருவர் காலில் கட்டுப்போட்டு வீட்டில் இருக்கிறார். இன்னொருத்தி சில்லு.

சொந்த மாமியாரின் துணுக்கைத் தொடுவது முறையா என்று லென்ஸுக்கும் தயக்கம், அவளுக்கும் தயக்கம். நாளைத் தள்ளிப்போட்டால் அறுவைக்குக் குறித்த தேதி முந்திக்கொள்ளும். கடைசியில் லென்ஸ் டீச்சரிடமே அனுமதி கேட்டார்.

“தாராளமா. அவ கை ஸ்டியரிங்லதான் நடுங்கும்,” என்றார் டீச்சர். “அங்கயும் இப்ப பரவாயில்ல. மூணு டெஸ்ட் போயிருச்சு, நாலாவதுல தேறிடுவா.”

லென்ஸ் சிரிக்காமல் சில்லுவிடம் திரும்பினார். ஒற்றுவது மட்டும் அவள் வேலை, படிப்பது அவர் வேலை, நுண்ணோக்கிப் பக்கம் அவள் வரவே கூடாது என்று நிபந்தனை போட்டார். அவள் சரி என்று அங்கி மாற்றப் போனாள். போகும்போது ஓரக்கண்ணால் பார்த்தாள். கணவன் பெஞ்சின் மறுகோடியில், மடித்த கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

எண்டோஸ்கோப்பி அறை குளிர்ந்து கிடந்தது. எக்ஸ்ரே படாமலிருக்க எல்லோரும் ஈய அங்கி மாட்டியிருந்தார்கள். டாக்டர் குள்ளமான பெண்மணி. தரையில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றால்தான் அவருக்குத் திரை வாகாகத் தெரியும். டீச்சரைக் குப்புறப் படுக்கவைத்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினார்கள். மயக்க மருந்து டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தபோது, டீச்சர் அவர் வண்டியை வாசலில் நடைபாதை மேல் ஏற்றி நிறுத்தியிருப்பதாகப் புகார் சொன்னார். பாதிப் புகாரிலேயே தூங்கிப்போனார்.

பெரிய குழாய் வாய்க்குள் இறங்கி இரைப்பையைத் தாண்டியது. பித்தக் குழாய் வந்து திறக்கும் வாசலில் போய் நின்றது. போன தடவை வைத்த பிளாஸ்டிக் குழாயை உருவி எடுத்தார்கள். பிறகு பெரிய குழாய்க்குள்ளிருந்தே பென்சிலைவிட மெல்லிய இன்னொரு குழாய், நுனியில் விளக்கும் கேமராவுமாக, வாசலுக்குள் நுழைந்தது.

சில்லு பன்னிரண்டு வருடமாகத் திசுவைப் பார்த்திருக்கிறாள். சாயம் ஏறிய, செத்த, தட்டையான திசு. உயிரோடு இருக்கும் ஒரு பித்தக் குழாயை உள்ளிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. திரை முழுக்க ஈரமான வெளிர் சிவப்புச் சுவர். தண்ணீர் பீய்ச்சப் பீய்ச்சக் கலங்கல் விலகிச் சுவர் பளபளத்தது. அத்தைக்குள் இவ்வளவு அழகான ஓர் இடம் இருப்பது அத்தைக்கே தெரியாதே என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

மேலே போகப் போக வழி குறுகியது. சுருங்கிய இடம் வந்தது. டாக்டர் பலகை மேல் அசையாமல் நின்று பார்த்தார். சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருக்கிறது, பூ மாதிரிப் பிதுங்கல் ஒன்றும் இல்லை, அது நல்ல செய்தி என்றார். ஆனால் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அது புற்றுநோயிலும் வரும், வெறும் அழற்சியிலும் வரும், கண்ணை மட்டும் நம்பி முடிவு சொல்ல மாட்டேன் என்றார். நூல் போன்ற ஓர் இடுக்கியை உள்ளே விட்டுக் கிள்ளத் தொடங்கினார்.

முதல் துணுக்கு வெளியே வந்தது. கடுகில் பாதி இருக்கும். சில்லு அதை ஊசி முனையால் எடுத்து, கண்ணாடிச் சில்லில் மெல்ல ஒற்றி, திரவம் இருந்த சிமிழில் போட்டாள். சில்லைச் சாயத்தில் முக்கி லென்ஸிடம் நீட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. கை நடுங்கவில்லை.

லென்ஸ் அறை மூலையில் வைத்திருந்த நுண்ணோக்கியில் குனிந்தபடியே உதட்டைப் பிதுக்கினார். சளிதான் அதிகம், செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன என்றார். நாலாவதும் அப்படித்தான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தப் பரிசோதனையில் பக்கத்தில் இருக்கும் கணையத்துக்குக் கோபம் வந்து வீங்கிவிடுவதுண்டு. நேரம் நீள நீள அந்த ஆபத்தும் ஏறும். நாலு துணுக்கு எடுத்தாயிற்று, இதிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

 சிமிழுக்குள் மிதந்த நாலு துணுக்கும் சில்லுவின் கண் முன்னால் இருந்தன. நாளை இவற்றை மெழுகில் பதித்துச் சீவினால் என்ன கிடைக்கும் என்று அந்த அறையில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். மூன்று ஏடு சீவுவதற்குள் துணுக்கே காலியாகிவிடும். மறுபடி அதே வரி வரும்: சந்தேகம் உண்டு, உறுதியில்லை. அறுவை நடக்கும்.

இன்னும் கேட்டால் அத்தையின் உடம்பில் இன்னும் பத்து நிமிடம் நோண்டுவார்கள். ஏதாவது ஆனால், கேட்டவள் இவள்.

“டாக்டர், இது பத்தாது,” என்றாள். “எல்லாம் மேலாக்க வந்திருக்கு. கொஞ்சம் ஆழமா எடுத்தாத்தான் நாளைக்குச் சீவ முடியும்.”

டாக்டர் முகமூடிக்கு மேலாக அவளை ஒரு கணம் பார்த்தார். படுத்திருப்பது அவளுடைய மாமியார் என்பது அவருக்குத் தெரியும். கருவியைச் சற்றுப் பின்னிழுத்து, சுவரோடு அணைத்து, இடுக்கியை அழுத்திக் கிள்ளினார். ஐந்தாவது துணுக்கு கொஞ்சம் பெரிதாக வந்தது. ஆறாவது அதைவிடப் பெரிது. ஏழாவதை ஊசியில் எடுக்கும்போதே சில்லுவுக்குத் தெரிந்துவிட்டது, இது சதை என்று. ஒற்றினாள். முக்கினாள். நீட்டினாள்.

லென்ஸ் வெகுநேரம் குனிந்தே இருந்தார். மெதுவாகச் சில்லை நகர்த்தினார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். சில்லு சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறை ஆறு படிகளையும் இரண்டு தடவை படித்துவிட்டாள்.

“போதும்,” என்றார் லென்ஸ் டாக்டரிடம். “வெளிய வந்துடுங்க.”

போதும் என்றால் எது போதும் என்று அவர் சொல்லவில்லை. நிபந்தனைப்படி அவள் கேட்கவும் முடியாது. புதிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்துவிட்டு டாக்டர் பலகையிலிருந்து இறங்கினார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு டீச்சர் கண் விழித்தார். விழித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சில்லு நர்ஸைக் கூப்பிட ஓடினாள். அந்தப் பத்து நிமிடமே நெஞ்சில் வந்து நின்றது. நர்ஸ் வந்து ரத்தம் எடுத்துப் போனாள். கணவன் கட்டிலின் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். நடுவில் டீச்சர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செத்த வீட்டில்கூட யாரும் இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று முனகினார்.

கணவன் அவளிடம் பத்து நாளில் முதல் தடவையாகப் பேசினான். ரத்தத்தில் என்ன பார்ப்பார்கள் என்று கேட்டான். கணையம் கோபித்துக்கொண்டால் ஒரு எண் ஏறும், அதைத்தான் பார்ப்பார்கள் என்றாள். ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டான். படுக்கையில் சில நாள், சிலருக்கு அதற்கு மேலும் என்றாள். பிறகு, இன்னும் மூன்று துணுக்கு எடுக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டாள். மறைக்கத் தோன்றவில்லை.

அவன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். “ஏன் எடுக்கச் சொன்ன?”

“நாலுல பதில் கிடைச்சிருக்காது. பதில் இல்லாம அவங்கள அறுக்க விட எனக்கு மனசு வரல.”

 அவன் வெளியே போய் இரண்டு கோப்பைத் தேநீர் வாங்கிவந்து, ஒன்றை அவள் கையில் கொடுத்தான். சர்க்கரை சரியாக இருந்தது.

இரண்டு மணிக்கு ரத்த முடிவு வந்தது. எண் ஏறவில்லை. உள்ளே அடித்த காற்றுதான் வயிற்றை முறுக்குகிறது என்று நர்ஸ் சொல்லி, டீச்சரைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்கவைத்தாள். சற்று நேரத்தில் காற்று தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனது. ஹாரன் என்ற பெயருக்கு இழுக்கு வராத விதத்திலேயே போனது. மூவரும் சிரித்தார்கள். டீச்சர்தான் கடைசியில் நிறுத்தினார்.

நாலு மணிக்கு டாக்டரும் லென்ஸும் சேர்ந்தே வந்தார்கள்.

டாக்டர் முதலில் டீச்சரின் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தார். அங்கே புளியங்கொட்டை அளவில் இரண்டு வீக்கம். எவ்வளவு நாளாக என்று கேட்டார். ஒன்றரை வருடமாக இருக்கிறது, வலிக்கவில்லை, கத்திக் கத்தித் தொண்டை வீங்கிவிட்டது என்று நினைத்தேன் என்றார் டீச்சர். வாய் காய்கிறதா என்று கேட்டதற்கு, ஓட்டத் தெரியாதவர்களோடு காரில் உட்கார்ந்தால் யாருக்கும் வாய் காயும் என்றார்.

லென்ஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசிச் சில்லு பார்த்ததே இல்லை.

“கடைசி மூணு துணுக்குலயும் நல்லா செல் வந்திருக்கு. அதுல புற்றுநோய் செல் எதுவும் இல்ல,” என்றார். “வேற ஒண்ணு கூட்டம் கூட்டமா இருக்கு. உடம்போட காவல்கார செல். எதிரியே இல்லாத இடத்துல கூடி நின்னு சண்டை போட்டிருக்கு. அந்தச் சண்டையில குழாய் தடிச்சுச் சுருங்கியிருக்கலாம்.”

டாக்டர் மீதியைச் சொன்னார். போன வாரமே அவர் உடம்பு தன்னையே தாக்கும் இந்த நோயையும் மனதில் வைத்து ரத்தத்தில் ஒரு புரதத்தை அளக்க அனுப்பியிருந்தார். அது இன்று மதியம் வந்தது. இருக்க வேண்டியதைப் போல நாலு மடங்கு இருக்கிறது. தாடை வீக்கமும் ஒத்துப்போகிறது. துணுக்கைச் சீவிச் சிறப்புச் சாயம் போட்டுப் பார்த்து வெள்ளிக்கிழமை அறிக்கை வரும். அதுவும் இதையே சொன்னால் கத்தியே தேவையில்லை, மாத்திரையில் குழாய் விரிந்துவிடும். அறுவை மருத்துவரிடம் பேசியாயிற்று, அவரும் தேதியைத் தள்ளிவைக்கச் சம்மதித்துவிட்டார்.

“புற்றுநோய் இல்லைன்னு நான் இன்னும் கையெழுத்துப் போடல,” என்றார் லென்ஸ் எழுந்துகொண்டே. “வெள்ளிக்கிழமை போடுறேன். ஆனா இன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்கலாம்.” வாசல் வரை போனவர் திரும்பி, நாளை அந்தத் துணுக்கைச் சீவுவது வேறு ஆள், நீ அந்த மேசைப் பக்கம் வராதே என்று சில்லுவை எச்சரித்துவிட்டுப் போனார். அதட்டலாகச் சொன்னாலும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது. சில்லு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். சாப்பாட்டு மேசையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க அவன் வாயெடுத்தான். அதற்குள் அவள் தன் முந்தானை நுனியை நீட்டினாள். அவன் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கட்டிலில் டீச்சர் ரொம்ப அக்கறையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். மயக்கம் முழுதாகத் தெளியாததால் நாளை வரை வண்டியைத் தொடக் கூடாது என்று டீச்சரிடம் கையெழுத்தே வாங்கிக்கொண்டார்கள். முப்பது வருடத்தில் தன் காரில் அவர் பின் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். வண்டி கிளம்பி இரண்டாவது திருப்பத்திலேயே கண்ணை மூடிவிட்டார். மகன் ஓட்டினான். சில்லு பக்கத்தில். அலுவலகங்கள் விடும் நேரம், சாலை நிறைய வண்டிகள். வெயில் சாய்ந்து எல்லாக் கண்ணாடிகளிலும் பொன்னாக வழிந்தது. யாரோ தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மேம்பாலத்தில் நெரிசல். வண்டி நின்றது. கீழே தண்டவாளங்கள் பிரிந்து பிரிந்து ரயில் நிலையத்துக்குள் ஓடின. அங்கே சிக்னல் அறையில்தான் அவனுக்குப் பதினைந்து வருட வேலை. எந்த ரயில் எந்தப் பாதையில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் மேசை. அவன் கீழே பார்க்காமல் நேரே பார்த்தான்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றான். குரல் அடங்கியிருந்தது. “நான் வேலைய விட்டுட்டேன்.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

சாப்பாட்டு மேசைச் சண்டைக்கு மறுநாள் நடந்ததாம். அம்மாவையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், ஒரு சரக்கு ரயிலுக்குப் பாதை மாற்றச் சொல்லி வந்த அழைப்பைக் கேட்கவே இல்லை. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து மாற்றிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன், இந்த மனத்தோடு இந்த மேசையில் உட்காரக் கூடாது என்று அன்றே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அறுவைக்குப் பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே என்றும் நினைத்தான். தினமும் காலையில் சீருடை போட்டுக் கிளம்பியதெல்லாம் ஆற்றங்கரைப் பூங்காவுக்குத்தான்.

“பத்து நாளும் பூங்காவுலயா இருந்தீங்க?”

“ஒரு நாள் மழை. அன்னிக்கு நூலகத்துல.”

கோபப்படலாமா என்று சில்லு யோசித்தாள். மழையில் சீருடையோடு நூலகத்துக்கு ஓடுகிற மனிதனை நினைத்ததும் கோபம் தங்கவில்லை. அவள் தன் கையை அவன் முழங்கை மேல் வைத்தாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இருவரும் சேர்ந்து குரலைத் தாழ்த்தி யோசிக்க ஆரம்பித்தார்கள்.

“என்கிட்ட யாரும் சொல்ல வேணாம்,” என்றது பின் சீட்டு.

டீச்சர் கண்ணைத் திறக்கவே இல்லை.

“கடிதம் கொடுத்த அன்னிக்குச் சாயங்காலமே உன் மேலதிகாரி வீட்டுக்குப் போன் பண்ணாரு. நான்தான் எடுத்தேன். அந்த மனுஷனுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்ததே நான். கடிதத்த இன்னும் மேல அனுப்பலையாம். இந்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் டிராயர்ல வெச்சிருக்கேன்னாரு.”

மகன் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தான். “தெரிஞ்சுமா நீ பேசாம இருந்த?”

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன். இப்ப சொல்லிட்ட.” டீச்சர் சாய்ந்த வாக்கிலேயே தலையணையைச் சரிசெய்துகொண்டார். “அவர்கிட்ட நானும் ஒரு விஷயம் சொல்லியிருக்கேன்.”

என்ன சொன்னாய் என்று அவன் கேட்டான். சில்லுவும் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை போய்க் கடிதத்தத் திருப்பி வாங்கிக்க. உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போ. ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் அதக் கையில கொடுக்கணும்னு சொல்லியிருக்கேன்,” என்றார் டீச்சர். “முன்னாடி வண்டி நகர்ந்து அரை நிமிஷம் ஆச்சுடா. கிளப்பு.”